சுயம்புலிங்கம், வயது முப்பத்தாறு

டோக்கன் பதினேழு. உள்ளே போயிருப்பது ஒன்பது. நடுவில் ஏழு பேர், ஆளுக்கு எட்டு நிமிஷம் என்று வைத்தாலும் ஒரு மணி நேரம் ஆகும், அந்த ஒரு மணி நேரம் சட்டென்று போய்விட வேண்டும் என்றும் பால்துரைக்கு இருந்தது, போகவே கூடாது என்றும் இருந்தது. பெரியாஸ்பத்திரியின் பழைய கட்டடத்தில் மாடிப்படிக்குப் பின்னால் திரும்பினால் வருகிற வராந்தா இது. சுவரோரம் இரும்பு பெஞ்சு, எதிர்க்கதவுக்கு மேலே சுகவாழ்வு மையம் என்று போர்டு. ஆறு மாசத்துக்கு முன்னால் முதல் தடவை வந்தபோது அந்தப் போர்டைப் பார்த்து, அடப்பாவிகளா, ஊருக்குச் சொல்ல முடியாத சீக்குக்கு வைத்தியம் பார்க்கிற இடத்துக்கு இம்புட்டு அழகான பேரா, ஆளைப் பார்த்துக் கேலி பண்ணுதீங்களா என்று வயிறெரிந்தான். இன்றைக்கு அதே போர்டு, கல்யாண மண்டப வாசலில் பூவால் எழுதி வைப்பார்களே அந்த மாதிரி ஜம்மென்று தெரிகிறது. மனசு காலையில் எழுந்ததிலிருந்து ஒரு தினுசாகத் துள்ளிக்கொண்டு கிடக்கிறது. எதுக்குடா இவ்வளவு சந்தோஷம், ரிசல்ட்டே இன்னும் கைக்கு வரலையே என்று தன்னைத்தானே ஒரு அதட்டு அதட்டிப் பார்த்தான். கேட்டால்தானே! சக்தி வருகிறாள், அதுதான் விஷயம். பிரம்மசக்தி, போன வைகாசியில் அவனுக்குப் பூ வைத்து நிச்சயம் பண்ணின பெண், பத்து மணிக்கு வந்துருதேன், நீங்க எனக்காக நிக்காம முதல்லயே போய் டோக்கன் போட்டுருங்க என்று நேற்றுப் போனில் சொன்னாள். எல்லாம் தெரிந்த பிறகும் வருகிறாள் பாருங்கள். ரத்தத்துல அந்த நம்பர் குறையட்டும், குறைஞ்சா மாசியில கல்யாணம் வச்சுக்கிடுவோம், குறையலன்னா அப்பப் பேசுவோம் என்று அவள்தான் சொல்லியிருந்தாள். அந்த 'அப்பப் பேசுவோம்' மட்டும் முள்ளாகக் குத்துகிறது. என்ன பேசுவாள்? பேச என்ன இருக்கும்? வேண்டாம், அதை நினைக்க வேண்டாம் என்று பார்வையைத் தரைக்கு இறக்கினான். பதினாறு வருஷம் குத்தவைத்தே டைல்ஸ் பதித்த மேஸ்திரியின் கண், எங்கே போனாலும் தரைக்குத்தான் போகும். மூலையில் புதிதாக நாலு டைல்ஸ் ஒட்டியிருந்தார்கள். ஜாயிண்ட் ஒன்றும் நேராக இல்லை, ஒரு முனை கால் இஞ்ச் தூக்கிக்கொண்டு நின்றது. எவன்டா இதை ஒட்டுனது, கண்ணை மூடிக்கிட்டு ஒட்டுனானா என்று அவனுக்குச் சிரிப்பாக வந்தது.

எல்லாம் சூட்டில் ஆரம்பித்தது. அவனுக்கு மட்டுமா, அந்த ஊருக்கே எல்லாம் சூடுதான். கண் எரிந்தால் சூடு, வாயில் புண் வந்தால் சூடு, ஒண்ணுக்குப் போகையில் கடுத்தால் சூடு, பரீட்சையில் பிள்ளை பெயிலானால்கூட ராத்திரி கண் முழிச்சுச் சூடு ஏறிப்போச்சு என்பார்கள். அதனால் போன மாசியில், கோயம்புத்தூர் அபார்ட்மெண்ட் வேலை முடிந்து ஊருக்கு வந்த புதிதில், குளிக்கும்போது மறைவிடத்தில் பட்டாணி அளவுக்கு ஒரு புண் தட்டுப்பட்டபோது அவன் பயப்படவே இல்லை. அது வலித்தால்தானே பயப்பட? தொட்டால் ஓரமெல்லாம் கெட்டியாக இருந்தது, சீழ் இல்லை, எரிச்சல் இல்லை, சும்மா இருந்தது. ஒரு வருஷம் மொட்டை வெயிலில் மாடித் தளத்துக்குத் தட்டு ஓடு பதித்த உடம்பு, சூடு இறங்குகிறது என்று முடிவு கட்டிவிட்டான். காலையில் ஊறவைத்த வெந்தயம், பதினோரு மணிக்கு இளநீர், சாயங்காலம் மோர், சனிக்கிழமை நல்லெண்ணெய்க் குளியல், படுக்கும்போது தொப்புளில் விளக்கெண்ணெய். மூணே வாரம், புண் இருந்த இடம் தெரியவில்லை! வெந்தயத்துக்கு வந்த வாழ்வைக் கேட்கணுமே. சிமெண்ட் கடைக்காரரிடம் சொன்னான், டீக்கடையில் சொன்னான், பஸ்ஸில் பக்கத்து சீட்டில் தும்மினவரிடம்கூடச் சொன்னான், அண்ணாச்சி, வெந்தயத்தை விட்டா வேற மருந்தே கிடையாது. சித்திரையில் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் செம்பு நிறத்தில் பொட்டுப் பொட்டாக வந்தது. வொயிட் சிமெண்ட் ஒத்துக்கலை என்று கையுறை வாங்கி மாட்டினான். கையுறை போட்டால் டைல்ஸ் விளிம்பு விரலுக்குத் தெரியாது, இரண்டு நாளில் கழற்றி எறிந்தான். அரிக்கிறதா என்று சொறிந்து பார்த்தான், அரிக்கவே இல்லை. சிமெண்ட் என்றால் அரிக்குமே, இது ஏன் அரிக்கவில்லை என்று ஒரு கேள்வி மண்டைக்குள் எட்டிப் பார்த்தது. அதை உட்காரச் சொல்லி விசாரித்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். அவன் இன்னும் ரெண்டு ஸ்பூன் வெந்தயம் சேர்த்துக்கொண்டான். பொட்டுகளும் தானாக மங்கிப் போய்விட்டன, அவனுக்கு வைத்தியர் பட்டமே கிடைத்த மாதிரி இருந்தது. புண்ணும் போய், பொட்டும் போய், நோய் மட்டும் ரத்தத்தில் சௌகரியமாக உட்கார்ந்திருந்தது. மேலே பளபளவென்று இருக்கிற தரைக்குக் கீழே காலியாக இருந்தால் தட்டிப் பார்த்தால்தான் தெரியும். அவனை ரத்ததான முகாம் தட்டிப் பார்த்தது.

வாலிபால் கிளப் பையன்கள் வருஷா வருஷம் நடத்துகிற முகாம், ஆனியில். பதினோராவது தடவையாகக் கொடுத்துவிட்டு பிஸ்கட்டும் ஜூஸும் சாப்பிட்டு வந்தான். நாலாம் நாள் போன். உங்க ரத்தத்துல ஒரு டெஸ்ட் சரியா வரல சார், ஒரு தடவை ஆஸ்பத்திரிக்கு நேர்ல வந்து பாத்துருங்க. எந்த டெஸ்ட் என்று கேட்கக்கூட நாக்கு எழவில்லை, எய்ட்ஸ்தான் என்று முடிவு பண்ணி, செத்தே போய்விட்டதாக நினைத்து அன்றைக்குப் பகலெல்லாம் ஒரு பாத்ரூம் தரைக்கு மூணு தடவை கலவை குழைத்தான். உள்ளூரில் வேண்டாம், எவனாவது பார்ப்பான் என்று ரெண்டு பஸ் மாறி இங்கே வந்தான், தொப்பி வேறு. சீட்டு எழுதுகிற இடத்தில் அந்தம்மா தலை நிமிராமல் பேரு என்றார். அவ்வளவுதான். அவனுக்குப் பின்னால் யாரோ இருமினார்கள், அந்த இருமல் தெரிந்த இருமல் மாதிரி இருந்தது, கழுத்தெல்லாம் வேர்த்தது, பால்துரை என்று சொல்லத் திறந்த வாய், சுயம்புலிங்கம் என்று சொல்லிவிட்டது. இந்த உலகத்தில் எத்தனை குமார் இருக்கான், எத்தனை முருகன் இருக்கான், ஒருத்தன் பேரும் அந்த நேரத்தில் ஞாபகத்துக்கு வரவில்லை. காலையில்தான் அவரோடு போனில் பேசியிருந்தான், கல்யாண மண்டபம் எது வசதி என்று. ஆமாம், சுயம்புலிங்கம் என்பது சக்தியின் அப்பா பேர்! வயசு என்றார் அந்தம்மா. முப்பத்தாறு. அது மட்டும் சத்தியமான வார்த்தை. சுயம்புலிங்கம், வயது முப்பத்தாறு என்று கொட்டை எழுத்தில் எழுதி நீட்டிய சீட்டை வாங்கி, எழுத்து உள்பக்கம் போக மடித்துக்கொண்டான். அறுபத்து மூணு வயசு மாமனார், காலையில் எழுந்து நெற்றி நிறையத் திருநீறு பூசுகிற மனுஷன், அவர் பேரில் அவன் இந்தக் கதவுக்குள் போனான்.

உள்ளே மெர்லின் மேடம். ஆலோசகர் என்று மேசையில் பலகை இருக்கும், பேச்சு பக்கத்து வீட்டுக்காரி பேச்சு. அவன் தலையைக் குனிந்துகொண்டே இருந்தான், அவர் அவன் முன்னால் தண்ணீரை நகர்த்தி வைத்துவிட்டு, குடிங்கண்ணே, இது சிபிலிஸ், பழைய ஆளுங்க மேகப்புண்ணும்பாங்க, ஊசியிலேயே போயிரும், இதுக்குப் போய் யாரும் சாகறதில்ல என்றார். ஊசியிலேயே போயிரும். அந்த ரெண்டு வார்த்தைக்கு அவன் அழுத அழுகை! ரெண்டு ரூம் தள்ளி நம்பிக்கை மையத்தில் எய்ட்ஸ் டெஸ்டும் எடுத்தார்கள், அது இல்லை. புண் உங்களுக்கு எப்ப வந்துச்சு என்று டாக்டர் கேட்டதற்கு அவன் வெந்தயக் கதையை முழுசாகச் சொன்னான், டாக்டர் பாவம் சிரிப்பை அடக்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அது வெந்தயத்துல போகலப்பா, அந்தப் புண் தானா ஆறிரும், அதான் இதோட குணம், ஆறுனதும் எல்லாரும் சரியாப் போச்சுன்னு இருந்துருவாங்க என்றார். எத்தனை நாளாக இருக்கிறது என்று உறுதியாகச் சொல்ல முடியாததால் வாரம் ஒரு தடவையாக மூணு வாரம். முதலில் தோலுக்கடியில் கொஞ்சமாகப் போட்டு ஒத்துக்கிறதா என்று அரை மணி நேரம் பார்த்தார்கள், அப்புறம் இடுப்புக்குக் கீழே அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று. பால் மாதிரி கெட்டியான மருந்து, இறங்குவதற்குள் அவன் நாலு சாமியைக் கூப்பிட்டுவிட்டான். அன்றைக்கே குளிர் எடுத்துக் காய்ச்சலும் வந்தது. வரலாம், கிருமி சாகும்போது வரும், பயப்படாதீங்க என்று மேடம் முன்கூட்டியே சொல்லியிருந்ததால் போர்வைக்குள் கிடந்து, சாவுங்கடா, சாவுங்க என்று அவற்றை ஏசிக்கொண்டே படுத்திருந்தான். மறுநாள்தான் வேடிக்கை. டைல்ஸ் பதிக்கிறவன் குத்தவைக்காமல் எப்படி வேலை செய்வான்? குத்தவைத்தால் வலி உச்சிக்கு ஏறுகிறது. மூணு வாரமும் முட்டி போட்டே பதித்தான். வீட்டுக்காரம்மா பார்த்துவிட்டு, மேஸ்திரி எங்க வீட்டுக்குச் சாமி கும்பிட்டுக்கிட்டே தரை போடுதாரு, நல்ல மனுஷன் என்று எதிர்வீட்டில் சொல்லியிருக்கிறார். இப்போது நினைத்தாலும் பெஞ்சில் உட்கார்ந்து தனியாகச் சிரிக்க வேண்டியிருக்கிறது, பக்கத்தில் இருந்த பெரியவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

நம்பரை மேடம் அவன் தொழிலிலேயே விளங்க வைத்தார். வொயிட் சிமெண்ட்ல காவிப் பொடி கலப்பீங்கல்லாண்ணே, அதுல பாதிக்குப் பாதி தண்ணி, மறுபடி பாதிக்குப் பாதி தண்ணின்னு ஊத்திக்கிட்டே போனா எத்தனாவது தடவை வரைக்கும் கலர் தெரியும்? கலர் ஜாஸ்தியா இருந்தா ரொம்ப தூரம் தெரியும். ஒங்க ரத்தத்தை அறுபத்து நாலு மடங்கு நீர்க்க வச்சாலும் சீக்கு தெரியுது, அதான் ஒங்க நம்பர். இனி ஊசி போட்டபிறகு அது குறைஞ்சுக்கிட்டே வரணும், மூணு மாசம், ஆறு மாசம், ஒரு வருஷம், கண்டிப்பா வந்து பாக்கணும், ஊசி போட்டாச்சுன்னு விட்டுரக் கூடாது. ஐப்பசியில் பதினாறு. இன்றைக்கு? பதினாறிலேயே நின்றுவிட்டால்? திரும்ப ஏறியிருந்தால்? ஏறாது, அவன் அதற்கப்புறம் யார் பக்கமும் போகவில்லை, சக்தி கையைக்கூடப் பிடித்ததில்லை. அப்படியும் ஏறியிருந்தால்? அட, உள்ளே பத்து போய்விட்டான், பதினொன்று எழுந்து வேட்டியைச் சரி பண்ணுகிறான். யாருடன் பழகினீர்களோ அவர்களும் வந்து பார்க்கணும் என்று மேடம் சொன்னதுதான் ஊசியைவிட வலித்தது. கோயம்புத்தூரில் வளர்மதி. அதே சைட்டில் சித்தாள் வேலை பார்த்தவள், புருஷன் செத்து ஆறு வருஷம், அவளுக்கும் யாரும் இல்லை, இவனுக்கும் அங்கே யாரும் இல்லை, அவ்வளவுதான், அதில் காதல் என்று சொல்லவும் ஒன்றுமில்லை, கேவலம் என்று சொல்லவும் ஒன்றுமில்லை. போன் பண்ணிச் சொன்னதும் அவள் வாய்க்கு வந்தபடி வைதாள். நீ குடுத்தியா நான் குடுத்தேனா யாருக்குத் தெரியும் என்று கடைசியில் அவளே சொல்லிவிட்டு வைத்தாள். ஒரு மாசம் கழித்துத் திரும்பக் கூப்பிட்டு, மூணு ஊசியும் போட்டாச்சுய்யா, உக்கார முடியல, நீ நல்லா இரு என்றாள். அன்றைக்கு அவனுக்குப் பாதி பாரம் இறங்கியது.

மீதிப் பாரம் சக்தி. சொல்லாமலே இருந்துவிட முடியுமா என்று அவன் யோசிக்காமல் இல்லை, நாள் கணக்காக யோசித்தான். ஊசி போட்டாச்சு, புண் இல்லை, யாருக்குத் தெரியப்போகிறது. ஆனால் சக்தி ஏற்கெனவே ஒருத்தனோடு வாழ்ந்து முறித்துக்கொண்டு வந்தவள். இ-சேவை மையத்தில் ஊராருக்கு ஆதார் திருத்திக் கொடுத்துக்கொண்டு, இனி கல்யாணமே வேண்டாம் என்று எட்டு வருஷம் இருந்தவள். பெண் பார்க்கப் போன அன்றைக்கே, கூடத்தில் மிச்சர் தட்டை அவன் கையில் கொடுத்தபடி, எனக்கு நகை வேண்டாம், வீடு வேண்டாம், பொய் சொல்லாத ஆளா இருந்தாப் போதும், பொய்யோட ஒரு தடவை குடும்பம் நடத்தியாச்சு என்று சொன்னாள். எல்லோரும் கேட்கத்தான் சொன்னாள். அந்தக் குரலை நினைக்கும்போதெல்லாம் அவனுக்கு நெஞ்சு இளகும். ஆவணியில் வைத்திருந்த கல்யாணத்துக்கு ஒன்றரை மாசம் இருக்கையில், குலசை கடற்கரையில் பட்டப்பகலில், அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்து ஒன்று விடாமல் சொன்னான். வளர்மதி, புண், வெந்தயம், ஊசி, நம்பர், எல்லாம். அவள் மணலை அள்ளி அள்ளிக் கீழே விட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில், வெந்தயமா என்று கேட்டாள். ஆமா என்றான். வெந்தயம் தின்னீங்களா இதுக்கு என்று மறுபடி கேட்டாள். அவள் முகத்தில் கோபமும் சிரிப்பும் கட்டிப் புரண்டன. எந்திரிச்சுப் போகையில்தான் அந்த நம்பர் பேச்சைச் சொன்னாள். அவரு வீட்டு மாடி வேலை இன்னும் முடியல, கல்யாணத்தைத் தள்ளி வச்சுக்கிடுவோம் என்று வீட்டில் அவளே சொல்லிச் சமாளித்தாள்.

ஒன்று விடாமல் சொன்னான் என்றா சொன்னோம்? ஒன்றை விட்டுவிட்டான். பேரை. சொல்லக் கூடாது என்று மறைக்கவில்லை, சத்தியமாக இல்லை, ஒங்கப்பா பேரில்தான் ஊசி போட்டுக்கொண்டேன் என்பதை எந்த வாயால் சொல்வது? அப்புறம் சொல்லலாம், அப்புறம் சொல்லலாம் என்று இன்றைய தேதி வந்துவிட்டது. டோக்கன் நம்பரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், அதில் பயமில்லை. ஆனால் வாசலில் நிற்கிற அக்கா இருக்கிறாரே, அவருக்கு அவனை நல்லாப் பழகிவிட்டது. ஐப்பசியில் வந்தபோது, என்ன சுயம்புலிங்கண்ணே, மழையில நனைஞ்சுட்டீங்களே என்று வாய் நிறையக் கூப்பிட்டுத் துண்டு எடுத்துக் கொடுத்தவர். நல்ல மனசு, ஊருக்கே கேட்கிற தொண்டை. இப்போதே போய் அவரிடம், அக்கா, இன்னைக்கு ஒருநாள் நம்பர் சொல்லியே கூப்பிடுங்க என்று சொல்லிவிட்டால்? எழுந்தான். அந்த அக்கா ரிசல்ட் வாங்க லேபுக்குப் போயிருந்தார். உட்கார்ந்தான். சக்தி வந்ததும் முதல் வேலையாகச் சொல்லிவிடுவோம். சக்தி, ஒண்ணு சொல்லணும். இல்லை, சக்தி, நீ சிரிக்கக் கூடாது. அதுவும் இல்லை, சக்தி, ஒரு பொய் பாக்கி இருக்கு. ஐயோ, அது வேண்டாம், பொய் என்ற வார்த்தையே வரக் கூடாது. இவ்வளவு உண்மையைச் சொல்லிவிட்டு ஒரு பேரில் போய் மாட்டிக்கொண்டு கல்யாணமே நின்றால், அந்த வாயை என்ன செய்யலாம்? நம்பர் குறைந்திருந்தும் அவள் போய்விட்டால்? பதின்மூன்று உள்ளே போனான். பால்துரைக்கு உள்ளங்கை வேர்த்தது. வெளுப்பாக, பொட்டில்லாமல், சுத்தமாக இருந்த அந்தக் கையை அவன் ஒரு தரம் பார்த்துக்கொண்டான், அந்த நிலையிலும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பத்தரைக்கு அவள் வந்தாள். மாடிப்படி திரும்புகிற இடத்தில் நின்று போர்டை வாசித்துவிட்டு, தலையைக் குனியாமல், இந்த பெஞ்சில் யார் யார் இருக்கிறார்கள் என்று ஒரு சுற்று பார்த்து, நேராக வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். கத்தரிப்பூ கலர் சேலை, தோளில் பெரிய பை. பெண்கள் பக்கம் தனி பெஞ்சு இருந்தது, அவள் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. "சாப்டீங்களா?" என்றாள். "சக்தி, ஒண்ணு சொல்லணும்" என்றான். "முதல்ல இதைப் பிடிங்க" என்று பைக்குள்ளிருந்து வாழை இலைப் பொட்டலம் ஒன்றை எடுத்துப் பிரித்தாள். பனங்கிழங்கு! அவித்து, மஞ்சளும் உப்பும் ஏறி, இன்னும் சூடு ஆறாமல். தை மாசத்துக் கிழங்கு வாசம் ஆஸ்பத்திரி டெட்டால் வாசத்தை ஒரே தள்ளாகத் தள்ளியது, தள்ளி உட்கார்ந்த பெரியவர் திரும்பவும் கிட்டே வந்தார். அவருக்கும் ஒன்று கொடுத்தாள். தோலை உரித்து, நடு நரம்பை உருவி, நாரைக் கிழித்து அவன் கையில் ஒவ்வொன்றாக வைத்தாள். நாக்கில் அந்த மாவு கரைகிறது, தொண்டையில் சொல்ல வேண்டியது நிற்கிறது. "சக்தி, அந்தப் பேரு..." என்றான். "எந்தப் பேரு?" என்றாள். அப்போது கதவு திறந்தது. நல்ல மனசுக்கார அக்கா கையில் ரிசல்ட் கட்டோடு வெளியே வந்து, முகமெல்லாம் சிரிப்பாக, வராந்தா அதிர, "சுயம்புலிங்கண்ணே! வாங்க, ஒங்களுதுதான்!" என்றார்.

சக்தி துள்ளி எழுந்தாள். கிழங்கு உருண்டு தரையில் ஓடியது. "அப்பாவா? எங்கப்பாவா? அப்பா எங்க இங்க?" என்று வராந்தா முழுவதும் கண்ணால் தேடினாள், அறுபத்து மூணு வயசில் இந்த மனுஷன் என்ன பண்ணித் தொலைத்தார் என்கிற பதற்றம் அவள் முகத்தில் அப்படியே எழுதியிருந்தது. பால்துரை மெதுவாக எழுந்து நின்றான். "அப்பா இல்ல. நான்தான்" என்றான். அவள் அவனைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள், அக்கா ஆமாம்மா இவர்தான் சுயம்புலிங்கம் என்று அறிமுகம் வேறு பண்ணி வைத்தார். அந்த ஒரு நொடி எவ்வளவு நீளம்! அதற்குள் அவன் மண்டபத்துக்குக் கொடுத்த தேதி, மாடியில் பதித்த வெள்ளை டைல்ஸ், தனியாகச் சமைத்துச் சாப்பிடப்போகிற நாற்பது வருஷம், எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டான். "மொத நாளு பேரு கேட்டாங்க சக்தி. பயத்துல வேற பேரே வரல. அன்னைக்குக் காலையில ஒங்கப்பாட்ட போன் பேசிருந்தேன். வாய் அதையே சொல்லிட்டு. இதை மட்டும் ஒன்ட்ட சொல்லல" என்றான். அவள் உதடு துடித்தது. அழப்போகிறாள் என்று அவன் நினைத்தான். "எங்கப்பா பேரையா?" என்றாள். "ஊர்ல வேற ஆம்பளையே இல்லையா ஒங்களுக்கு? திருநீறு பூசிக்கிட்டு அவரு பாட்டுக்கு வீட்ல உக்காந்துருக்காரு, இங்க அவருக்கு மூணு ஊசி போட்டு அனுப்பிருக்கீங்க!" வந்தது பாருங்கள் சிரிப்பு, சேலைத் தலைப்பை வாயில் வைத்து அமுக்கியும் அடங்கவில்லை, பெஞ்சில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், கண்ணீர் தாரையாக ஓடியது. பெரியவரும் விஷயம் தெரியாமலே சிரித்தார், அக்காவும் சிரித்தார். சிரிப்பு ஓய்ந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, அவன் கண்ணையே பார்த்து, "இன்னும் எத்தனை பொய் பாக்கி இருக்கு? இப்பவே சொல்லிருங்க" என்று கேட்டாள். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. "இது ஒண்ணுதான். இதோட முடிஞ்சுட்டு" என்றான். அவள் குனிந்து, தரையில் உருண்ட கிழங்கைப் பொறுக்கிப் பொட்டலத்தை மடித்தாள். "சரி, நடங்க உள்ள" என்றாள்.

மெர்லின் மேடம் ரெண்டு நாற்காலி போட்டார். தாளைப் புரட்டினார், கண்ணாடியை மேலே தூக்கினார், சக்தியின் விரல் பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தது, அறுபத்து நாலு, பதினாறு, அறுபத்து நாலு, பதினாறு என்று தலைக்குள் ஓடுகிறது, அதற்கு மேல் எண்ணத் தெரியவில்லை. "நாலு" என்றார் மேடம். என்ன நாலு? "நாலுக்கு வந்துருச்சுண்ணே. அறுபத்து நாலு, பதினாறு, இப்ப நாலு. ஊசி நல்லா வேலை செஞ்சிருக்கு." நாலு! நாலு என்றால் சின்ன எண், குழந்தைகள் விரல் விட்டு எண்ணுகிற எண். அவன் சந்தோஷத்தில் மேடம் மேசையைத் தட்டினான், தண்ணீர் டம்ளர் ஆடியது. நோய் வந்து போனதற்கு அடையாளமாக ஒரு டெஸ்ட் மட்டும் ஆயுசு முழுக்க பாசிட்டிவ் என்றே காட்டலாம், வேற லேப்ல பாத்துட்டுப் பதறிக்கிட்டு ஓடக் கூடாது, அதோட ஒரு தடவை வந்தா மறுபடி வராதுன்னும் நினைக்கக் கூடாது என்று மேடம் சொல்லிக்கொண்டே போனார். அவன் தலையாட்டினான், பாதிதான் காதில் விழுந்தது. சக்திக்கு முழுசும் விழுந்தது. இ-சேவை மையத்தில் விண்ணப்பம் சரி பார்க்கிறவள் அல்லவா, ஒவ்வொன்றாகக் கேட்டாள். "எனக்கு வருமா மேடம்?" வைத்தியம் முடிஞ்சு ஆறு மாசமாச்சும்மா, நம்பரும் இறங்கிட்டு, அந்தப் பயம் வேண்டாம். "பிள்ளைக்கு?" மாசமானா எல்லாருக்கும் பாக்கிற மாதிரி ஒங்களுக்கும் ரத்தம் பாப்பாங்க, அதைத் தவறாமப் பாத்துக்கிடுங்க, பிள்ளை நல்லா இருக்கும். பிள்ளை என்ற வார்த்தை அந்தச் சின்ன அறையில் வந்து உட்கார்ந்ததும் பால்துரைக்குக் காது மடல் சூடேறியது. சக்தி கொஞ்சம் யோசித்தாள். இடது கை வளையல்களை மேலே தள்ளி, கையை மேசை மேல் நீட்டினாள். "எனக்கும் எடுத்துருங்க மேடம். நானும் ஒருத்தனோட வாழ்ந்தவதானே. இவரு மட்டும் ஏன் தலையைக் குனிஞ்சுக்கிட்டு உக்காரணும்" என்றாள். மேடம் எழுந்து வந்து அவள் தோளில் ஒரு தரம் கை வைத்துவிட்டுப் புதுச் சீட்டு எடுத்தார். பால்துரைக்குத் தன் வாழ்நாளில் இப்படி ஒரு மரியாதையை யாரும் தனக்குச் செய்ததாக ஞாபகம் இல்லை. பக்கத்து அறையில் ரத்தம் எடுத்து, பஞ்சை மடக்கிப் பிடித்துக்கொண்டு அவள் திரும்பி வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். மேடம் அவன் சீட்டில் எழுதிக்கொண்டே கேட்டார், "இன்னும் ஒரே ஒரு தடவைதான் வரணும், ஒரு வருஷ டெஸ்டுக்கு. ஆனி மாசம். வேலை இருக்கு, மறந்துட்டேன்னு விட்டுருவாங்க நிறைய பேரு. இவரு தனியா வந்துருவாராம்மா, இல்ல ஞாபகப்படுத்திப் போன் பண்ணணுமா?"

"போனெல்லாம் வேண்டாம் மேடம்" என்றாள் சக்தி, காய்கறிக் கடையில் விலை கேட்கிற சாதாரணக் குரலில். "எங்க வீட்டுக்காரரை நானே கூட்டிட்டு வந்துருவேன்."

பால்துரை சத்தமாகவே அழுதான், வாயெல்லாம் சிரிப்பாக.